கூத்தன், கூத்தர், கூத்தி, கூத்தாடி

"அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீங்க" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். கல்யாணத்தில் பந்திக்குச் சோறு பத்தாமல் போன கதையோ, பத்திரம் பதியப் போய் நாள் முழுக்க அலைந்த கதையோ, ஏதோ ஒன்று வரப்போகிறது. பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கினால் "என்னடா கூத்தடிக்கிறீங்க" என்கிறோம். இரண்டு பேர் ஊர் பார்க்க நடந்துகொண்டால் "இது என்ன கூத்து" என்று முகம் சுளிக்கிறோம். அப்புறம் அதே வாயால், சிதம்பரத்தில் திரை விலகி தீபாராதனை காட்டும்போது "கூத்தபிரானே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

இந்த இரண்டு கூத்தும் ஒரே சொல்தான். ஒன்று சாமிக்கு, ஒன்று வசைக்கு என்று தனித்தனியாகப் பிறந்தவை இல்லை. ஆடுபவர் சிவன் என்றால் கூத்தன், கும்பிடுகிறோம். புலவர் பெயரில் வந்தால் கூத்தர், பாடப்புத்தகத்தில் வைக்கிறோம். வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகிறவன் என்றால் கூத்தாடி, திட்டுகிறோம். ஆடியவள் பெண் என்றால் கூத்தி, அதைவிடக் கேவலமாகத் திட்டுகிறோம். சொல் எங்கேயும் கெட்டுப்போகவில்லை. அது யார் மேல் போய் ஒட்டுகிறது என்பதை வைத்து நாம்தான் விலை வைத்திருக்கிறோம். எப்படி இந்த விலை வந்தது என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில், பழைய தமிழில் கூத்து என்றால் வெறும் நடனம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கு நாம் ஆட்டத்தை ஒரு பக்கமும் நாடகத்தை இன்னொரு பக்கமும் பாட்டை வேறொரு மேடையிலும் வைத்திருக்கிறோம். கூத்து என்ற சொல்லுக்குள் இவை எல்லாம் ஒன்றாக இருந்தன. தொல்காப்பியம் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும் என்று கலைஞர்களை வரிசைப்படுத்தும்போது கூத்தரைத்தான் முதலில் வைக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வருகிறவரிடம் "இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ" என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. அந்த வகையில் பத்துப்பாட்டில் இருக்கும் மலைபடுகடாம் 583 அடி நீளம், அதற்கு இன்னொரு பெயரே கூத்தராற்றுப்படை. அதன் தொடக்கத்தில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். முழவு, ஆகுளி, கொம்பு, தூம்பு, குழல் என்று வாத்தியங்களையெல்லாம் பைகளில் கட்டி, காவடி போலத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கூத்தர்கள் மலைவழியில் போகிறார்கள். கார்காலப் பலாமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய் தொங்குவதுபோல அந்த மூட்டைகள் தொங்குகின்றன என்கிறார் பெருங்கௌசிகனார். செய்யாறு, ஆரணிப் பக்கம் சித்திரை, வைகாசியில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். மினி வேனின் மேல் கூத்துப் பெட்டியைக் கட்டி, பக்கத்தில் மிருதங்கப் பையும் ஆர்மோனியமும் ஆடிக்கொண்டு வர, உள்ளே பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். தோள் போய் வேன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வள்ளுவருக்கும் கூத்து பார்த்த பழக்கம் இருந்திருக்க வேண்டும். நிலையாமை அதிகாரத்தில், பெருஞ்செல்வம் வருவது கூத்தாட்டு அவையில் கூட்டம் சேர்வதுபோல, போவது அது கலைவதுபோல என்கிறார். கிராமத்துக் கூத்தை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. பத்து மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒரு பாட்டி வருவார், பின்னால் இரண்டு பிள்ளைகள், அப்புறம் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வர வர, கூட்டம் நிறைய ஒரு மணி ஆகிவிடும். விடியற்காலையில் மங்களம் பாடியதும் ஐந்தே நிமிஷத்தில் களத்தில் மண்ணும் கடலைத் தொலியும்தான் மிச்சம்.

சரி, சிலப்பதிகாரத்துக்கு வருவோம், சொல் மிகவும் விரிந்து கிடப்பது அங்கேதான். மாதவிக்கு ஆடல் கற்பித்த ஆசான் 'இருவகைக் கூத்தின் இலக்கணம் அறிந்தவன்' என்று அரங்கேற்று காதை சொல்கிறது. எந்த இரண்டு வகை? உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இதற்கு ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. வசைக்கூத்து புகழ்க்கூத்து, வேத்தியல் பொதுவியல், சாந்திக்கூத்து விநோதக்கூத்து என்று இரண்டிரண்டாக அடுக்கிக்கொண்டே போகிறார். வேத்தியல் என்றால் அரசனுக்கு ஆடுவது, பொதுவியல் என்றால் எல்லோருக்கும் ஆடுவது. இரண்டையும் அவர் கூத்து என்றே சொல்கிறார். அரண்மனையில் ஆடினால் உயர்ந்த கலை, தெருவில் ஆடினால் வெறும் கூத்து என்ற பிரிப்பு அந்த உரையில் கிடையாது.

சாந்திக்கூத்துக்குள் நான்கு: சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக்கூத்து, நாடகம். சொக்கம் என்பது கதை கிதை இல்லாத சுத்தமான ஆட்டம், நூற்றெட்டுக் கரணங்கள் உடையது. நாடகம் என்பது கதை தழுவி வரும் கூத்து. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாடகம் இங்கே கூத்தின் நான்கு பிள்ளைகளில் ஒன்று. இன்றைக்கோ நாடகம்தான் பெரிய சொல், கூத்து அதன் கிராமத்து வகை என்று நினைக்கிறோம், பாடப்புத்தகம்கூட 'நாட்டுப்புற நாடகம்' என்ற தலைப்புக்குக் கீழேதான் கூத்தைப் போடுகிறது. பிள்ளை வீட்டுக்காரன் ஆகிவிட்டான், தாய் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள்.

விநோதக்கூத்தில் ஆறு வருகிறது: குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை. கைகோத்து வட்டமாக ஆடுவது, தலையில் குடம் வைத்து ஆடுவது, உடலை வில்லாக வளைத்துக் கரணம் போடுவது, கண்கட்டு வித்தை போன்ற மாயம், தோல்பொம்மையைத் திரைக்குப் பின்னால் ஆட்டுவது எல்லாமே கூத்து. மூங்கில் நட்டுக் கயிறு கட்டி அதன்மேல் நடக்கும் சிறுமியின் குடும்பத்தைக் கழைக்கூத்தாடிகள் என்கிறோமே, அந்தப் பெயர் தவறி வந்த பெயர் இல்லை. பழைய கணக்கில் அவர்கள் வித்தை கூத்தின் இலக்கணத்துக்குள்ளேயே இருந்தது.

சிலம்பில் இன்னொரு கூத்தும் உண்டு, வஞ்சிக்காண்டத்தில். வடநாட்டுப் போரிலிருந்து திரும்பிய செங்குட்டுவன் முன்னால் பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். உமையொரு பாகனான சிவன் ஆடிய ஆட்டம் அது. ஆடுபவன் ஒருவன், உடம்பு ஒன்று. சிவன் பக்கத்தில் காலின் சிலம்பு ஒலிக்கிறது, கையின் பறை அதிர்கிறது, சடை எட்டுத் திசையிலும் சுழல்கிறது. உமை பக்கத்தில் பாடகம் அசையவில்லை, வளையல் குலுங்கவில்லை, மேகலை ஒலிக்கவில்லை. பாதி உடம்பு புயலாகவும் பாதி உடம்பு சிலையாகவும் ஒரே நேரத்தில். இதை எழுத்தில் படிக்கும்போதே எனக்கு மூச்சு நின்றுவிடும், பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ.

இந்தச் சாக்கையர் வழி கேரளத்தில் சாக்கியார் கூத்தாக வாழ்கிறது. பெண்கள் ஆடுவது நங்ஙியார் கூத்து. பெரிய கோயில்களில் இதற்கென்றே கட்டிய அரங்குக்குக் கூத்தம்பலம் என்று பெயர், திருச்சூர் வடக்குநாதன் கோயிலில் இருப்பது பேர்பெற்றது. சாக்கியார்களும் நங்ஙியார்களும் சேர்ந்து ஆடும் கூடியாட்டத்தை 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலையாக அறிவித்தது. அந்த மேடைக்கு வேறு நாகரிகமான பெயர் ஒன்றை யாரும் தேடிப் போகவில்லை, இன்றும் அது கூத்தம்பலம்தான்.

தமிழ்நாட்டிலும் சோழர் காலம் வரை இந்தச் சொல் நிமிர்ந்தே நின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆச்சாரியன் என்பவருக்கு நிவந்தம், அதாவது கோயில் மானியம், கொடுத்த செய்தி அது. நாள் ஒன்றுக்கு நெல் தூணி, வருஷத்துக்கு நூற்றிருபது கலம். ஒரு கலத்துக்கு மூன்று தூணி. வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்தால் 360 தூணி, அதை மூன்றால் வகுத்தால் சரியாக 120 கலம். ஆடுவது திருவிழாவில், நெல் வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளுக்கும். ஆட்டம் இல்லாத நாளிலும் கலைஞனின் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த மனிதரின் பட்டத்தையும் பாருங்கள், அரசன் பெயரோடு சேர்த்து 'ஆச்சாரியன்'. முன்னால் 'சாந்திக்கூத்தன்' என்பது தொழில் பெயர், தலைநிமிர்ந்து போட்டுக்கொள்ளும் பெயர்.

ஊரே தன் பிள்ளைக்கு வைக்கும் பெயராகவும் அது இருந்தது. சங்கப் புலவர்களில் உறையூர் முதுகூத்தனார் உண்டு. மூன்று சோழர்கள் மேல் உலா பாடிய ஒட்டக்கூத்தரைத் தெரியாதவர் இல்லை, சரஸ்வதி கோயிலுக்குப் பேர்போன கூத்தனூர் அவர் பெயரால் வந்த ஊர் என்றே சொல்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன், விக்கிரமசோழன் காலத்துப் பெரிய படைத்தலைவன் நரலோகவீரன், தில்லைக் கோயிலுக்கு ஏராளமான திருப்பணி செய்தவன், அவனுக்குப் பெயர் மணவிற் கூத்தன் காலிங்கராயன். படைத்தலைவனுக்குக் கூத்தன் என்று பெயர்! இன்றைக்கு எந்த வீட்டில் இந்தப் பெயர் வைப்பார்கள்?

சைவத்துக்கு மட்டும் உரிய சொல் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. திருமூலர் ஒன்பதாம் தந்திரத்தில் சிவானந்தக்கூத்து, சுந்தரக்கூத்து, அற்புதக்கூத்து என்று பாடிக்கொண்டு போகிறார் என்றால், இந்தப் பக்கம் நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளத்தில் பெருமாளுக்கு மாயக்கூத்தன் என்று பெயர், நம்மாழ்வார் பாடியது. குடக்கூத்தாடியவனும் கண்ணன்தான். கூவாகத்தில் சித்திரையில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுவது அரவானுக்காக. அவனுக்கும் ஊர் வைத்த பெயர் கூத்தாண்டவர்.

இனி வலிக்கிற பகுதி. கூத்தனுக்குப் பெண்பால் கூத்தி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் 'ஆடற் கூத்தியர்' என்று வருகிறது, ஆடல் தொழிலுடைய பெண்கள் என்பதுதான் பொருள். ஏழு வருஷம் பயின்று, பன்னிரண்டு வயதில் அரசன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்ற மாதவியின் தொழிலும் அதுதான். அந்தக் கூத்தி என்ற சொல்லை இன்றைக்கு ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அடிதடி வரும். 'கூத்தியா வைத்திருக்கிறான்' என்றால் வைப்பாட்டி. ஆட்டம் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டது, அவள் யாருடன் இருந்தாள் என்ற கதை மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. ஆணுக்கு அந்தச் சொல் கோயில் வரை போனது, பெண்ணுக்குத் தெருச்சண்டையில் வந்து நின்றது. அகராதியைத் திறந்து இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

கூத்தாடி என்ற சொல்லுக்கும் இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, கூத்து ஆடுகிறவர், அவ்வளவுதான். ஆனால் கூலிக்கு ஆடுகிறவர் என்ற நினைப்பு அதில் ஏறிவிட்டது. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்ற பழமொழியைச் சின்ன வயதில் கேட்டபோது, கூத்தாடி என்றால் சண்டை மூட்டிவிடுகிறவன் போல என்றே நினைத்தேன். விஷயம் வேறு. ஊர் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு தரப்பும் போட்டி போட்டுத் தனித்தனியாகக் கூத்து வைக்கும், கலைஞனுக்கு இரண்டு ராத்திரிக் கூலி. ஒரு ஊருக்கு வருஷத்துக்கு ஒரு கூத்து, அதற்குக் கிடைப்பதும் சொற்பம் என்ற நிலைமையில் இருக்கிறவனின் கணக்கு அது. கோயில் நிவந்தம் போய், அரசன் போய், அறுவடைக் களத்தில் முறம் நெல்லுக்கு நிற்க வேண்டி வந்தபோது அவனுடைய தொழில் பெயர் வசையானது.

இந்த இறக்கத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது, ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நடந்த பெயர் மாற்றங்கள். படித்த நகரத்து ஆட்கள் கொட்டகை, திரைச்சீலை, டிக்கெட் என்று புதிய மேடை கட்டினார்கள், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891இல் தொடங்கியது. அது நாடகம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. 1930களில், தேவதாசிகள் ஆடிவந்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடை ஏறியது. ஆட்டமும் கதையும் தனித்தனியாகக் கௌரவமான பெயர்களோடு நகரத்துக்குப் போன பிறகு, கிராமத்தில், பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் கையில், இரண்டும் பிரியாமல் எது மிஞ்சியதோ அதற்குத்தான் கூத்து என்ற பெயர் நின்றது. அப்புறம் பெயரைக் கேட்டதும் ஆளைத் தாழ்வாக நினைக்கிற பழக்கம் தானாக வந்துவிட்டது. சினிமாக்காரர்கள் அரசியலுக்கு வந்தபோதெல்லாம் எதிர்த்தரப்பு கையில் எடுத்த கல்லும் 'கூத்தாடி' என்ற சொல்தான். பக்கத்து ஊரில் உண்மையாகவே கூத்தாடுகிற மனிதர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எறிந்தவர் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

'தெருக்கூத்து' என்ற பெயரிலும் ஒரு வழக்கு இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. காஞ்சிபுரம் பக்கத்துக் கலைஞர்கள் பலர் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்கிறார்கள். கட்டை என்பது கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மரச் சாமான்கள். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் பளபளக்கும் தாளும் ஒட்டியவை. அவற்றைக் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் ராத்திரி முழுக்க ஆடுவது கட்டைக்கூத்து, சாமி ஊர்வலத்தோடு தெருத்தெருவாக ஆடிக்கொண்டு போவது தெருக்கூத்து என்பது அவர்கள் சொல்லும் வேறுபாடு. பெருங்கட்டூர் ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் சங்கம் அமைத்தபோது அதற்குக் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயர் வைத்தார்கள். அதே நேரம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையோடு வைத்துக்கொண்டு உலகம் சுற்றிவந்தது. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் நவீன நாடகக் குழு தொடங்கியபோது தேடிப்பிடித்து வைத்த பெயர் கூத்துப்பட்டறை. என்னைக் கேட்டால் ஆடுகிறவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே நாமும் சொல்வதுதான் முறை.

ஈழத்தில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு காயம் இல்லை. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி, ஆட வட்டமான களரி, கூடவே மத்தளம், சல்லாரி என்ற தாளம். கூத்துப் பழக்குகிறவர் அண்ணாவியார், ஊரில் அவருக்குத் தனி மரியாதை. ஆடுகிறவர்கள் முழுநேரத் தொழிற்குழு இல்லை, அதே ஊர் விவசாயியும் மீனவரும்தான். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்து பாட்டைக் கையில் தருவது 'சட்டம் கொடுத்தல்'. அதிலிருந்து தொடங்கி, மாதக்கணக்கில் பழகி, சலங்கை கட்டி, வெள்ளுடுப்பு ஒத்திகை முடித்து அரங்கேற்றம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துக் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்துகளை மேடையேற்றினார், பல்கலைக்கழகத்துக்குள் போனபோதும் அது கூத்தாகவே போனது. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் இன்றும் காமன் கூத்து நடக்கிறது. ஆடுகிறவனும் பார்க்கிறவனும் ஒரே ஊர், ஒரே சனம் என்றால் அந்தச் சொல்லை வசையாக யார் மேல் எறிவது?

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறேன். களத்து நடுவில் உயரமாக ஒரு பனைமரத்தை நட்டிருந்தார்கள். வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார், முகவீணைக் குழலின் ஒலியும் கூடவே ஏறியது. கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். மேலே போனதும் அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிய, ஒரு பழம் முந்தானையில் விழுந்த பெண் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இறங்கி வந்தவர் காலில் நாலைந்து பேர் விழுந்தார்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் கூத்தாடி என்று நினைக்கவில்லை.

அன்றைக்கு வேஷம் கலைக்கும் இடத்தில் அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவிப் பழைய வேட்டித் துணியால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "நாங்க கூத்து கட்டுறவங்க, கூத்தடிக்கிறது வேற ஆளுங்க" என்றார். 'கட்டுதல்' என்பதுதான் அவர்கள் சொல். வேஷம் கட்டுகிறார்கள், சலங்கை கட்டுகிறார்கள், கூத்தையும் கட்டுகிறார்கள். 'கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்' என்று ஒரு பழமொழி உண்டு, ராத்திரி முழுக்க ஆடுகிறவனுக்கு எப்போது விடியும் என்றும், பகல் முழுக்க உழைக்கிறவனுக்கு எப்போது பொழுது சாயும் என்றும் இருக்கும். அந்தப் பழமொழியை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மேக்கேயும் நாங்கதான் பாக்கணும். பத்து மணிக்கு நாத்து நடவு இருக்குது" என்று சொல்லிவிட்டு, துடைத்த துணியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.